பனியன் துணியில் ஒரு திரை

விழா நடத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் நடத்திய விழாக்களைப் பற்றியே கேட்கிறீர்கள். மழை வந்தபோது கூட்டத்தை எப்படி உட்கார வைத்தேன், மந்திரி வராதபோது யாரைத் தலைமை தாங்க வைத்தேன் என்று. சொல்ல எனக்கும் ஆசைதான். என் புகழை நானே பாடுவதில் எனக்கு எப்போதும் கூச்சம் இருந்ததில்லை. ஆனால் இந்தத் தொழிலில் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது நான் நடத்தாத ஒரு விழா. நடத்த வேண்டாம் என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பிய விழா. இன்றைக்கு அதைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. நான் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். என் பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, மாஸ்டர் என்றால் எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் பெரிய கம்பெனி என்றால் அதில் ஒரு நாடகக் குழு இருந்த காலம் அது. பகலெல்லாம் ஓவர்லாக் தையல் மிஷினில் குனிந்து கிடப்பவர் சாயங்காலம் மகாராஜா ஆகிவிடுவார். டிஸ்பாட்ச் கிளார்க் கதை வசனம் எழுதுவார். முதலாளி மேக்கப்புக்கும் மைக் செட்டுக்கும் செலவு செய்துவிட்டு, நோட்டீஸில் கம்பெனி பெயரைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்வார்.

முதலாளிகள் சேர்ந்து ஒரு கலா மன்றம் வைத்திருந்தார்கள். அந்த மன்றம் வருஷா வருஷம் இந்தக் குழுக்களுக்குள் போட்டி நடத்தும். நடுவர்கள் கம்பெனி கம்பெனியாகப் போய் நாடகம் பார்த்து மார்க் போடுவார்கள். ஆனி மாதத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டுப் பரிசளிப்பு விழா நடக்கும். ஆறேழு வருஷம் அந்த விழாவை நடத்தியவன் நான்.

எனக்கு முன்னால் அது நடந்த லட்சணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஐந்து பேர் பேசுவார்கள். ஐந்து பேரும் தனக்குப் பேச வராது என்று ஆரம்பித்து, அதை நன்றாக நிரூபித்துவிட்டுத்தான் உட்காருவார்கள். பரிசு கொடுக்கும் நேரத்தில் கொட்டகையில் பரிசு வாங்குகிறவர்கள் மட்டும் இருப்பார்கள், அவர்களிலும் சிலர் சாப்பிடப் போயிருப்பார்கள்.

நான் வந்ததும் பேச்சை வெட்டினேன். துணி வெட்டுகிறவனுக்கு அது பெரிய வேலையா? அப்புறம், முடிவை மேடையில் சொல்லும்வரை யாருக்கும் தெரியாமல் வைத்தேன். கடைசிவரை தேறிய குழுக்கள் எல்லாம் வேஷம் கட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் தயாராக நிற்க வேண்டும். திரைக்கு முன்னால் பெயரைச் சொல்வோம். அவர்கள் மாலையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். வெற்றிலை மடிக்கிற நேரத்துக்குள் திரை ஏறும், தங்கள் நாடகத்தின் உச்சமான காட்சியை அங்கேயே நடித்துக் காட்டுவார்கள். பரிசு கிடைக்காத குழுவும் கடைசியில் ஒரு பாட்டுக்கு மேடை ஏறும். வேஷம் கட்டியவனைச் சும்மா வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது என் கொள்கை.

ஊரே திரண்டு வந்தது. ஒரு வருஷம் மட்டும் முடிவு முன்கூட்டியே வெளியே தெரிந்துவிட்டது. நடுவர்களைச் சந்தேகப்பட்டேன், மைக் செட்காரரைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் பார்த்தால் பூக்காரர். முதல் பரிசுக்குப் பதினான்கு மாலை கட்டச் சொல்லியிருந்தேன். பதினான்கு பேர் இருந்த குழு ஊரில் ஒன்றே ஒன்று. அடுத்த வருஷத்திலிருந்து எந்தப் பரிசாக இருந்தாலும் இருபது மாலை என்று சொல்லிவிட்டேன், மிச்சத்தைப் பிள்ளையார் போட்டுக்கொள்ளட்டும் என்று. ரகசியம் காக்க நம் வாயை மூடினால் மட்டும் போதாது, பூக்கடையையும் யோசிக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் எல்லாமே திரையை நம்பித்தான் இருந்தது என்பது உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். ஒரு சாயங்காலத்துக்குள் பத்துப் பதினைந்து முறை ஏறி இறங்க வேண்டும், இழுத்ததும் ஏற வேண்டும், விட்டதும் விழ வேண்டும். அதற்காகக் கோயமுத்தூரிலிருந்து ஒரு வெல்வெட் திரையை வாடகைக்கு எடுப்பேன். கயிறு பிடிக்கப் பழனிச்சாமி. எங்கள் கம்பெனியில் தையல் செக்‌ஷன் ஃபோர்மேன். எனக்கு ஐந்து வயது இளையவன், பேச்சு குறைவு, கை சுத்தம். நான் கண்ணைக் காட்டினால் போதும், திரை அசையும்.

வினை அந்த வெல்வெட்டில்தான் ஆரம்பித்தது. ஒரு வருஷம் சிறப்பு விருந்தினராக வந்த கோயமுத்தூர் மில்காரர் மேடையைப் பார்த்துவிட்டு மன்றத் தலைவரிடம் விளையாட்டாகச் சொன்னார்: "ஊரு பூரா துணி ஓட்டறீங்க, திரைக்கு மட்டும் எங்க ஊருக்கு வரோணுமுங்களா?"

எங்கள் தலைவர் சிரித்து மழுப்பிவிட்டார். ஆனால் மனதுக்குள் வைத்துக்கொண்டார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்ததிலிருந்தே முதலாளி கிடையாது. பின்னுகிற மிஷின் ஓட்டி, துணிப் பொதியைத் தோளில் தூக்கிச் சாயப்பட்டறைக்கு நடந்து, அப்புறம் சொந்தமாக ஒரு மிஷின் போட்டு மேலே வந்தவர். தும்பைப்பூ மாதிரி வேட்டி சட்டை, அதிராத பேச்சு. ஊரைப் பற்றி யாராவது இளக்காரமாகச் சொன்னால் மட்டும் தாங்க மாட்டார். அந்த ரோஷம் எனக்கும் பிடிக்கும்.

அடுத்த விழாவுக்கு ஒரு மாதம் முன்னால் மன்றக் கூட்டம். தலைவர் ஒரு பெரிய துணிக்கட்டைக் கொண்டுவந்து மேஜை மேல் பிரித்தார். அவருடைய மிஷினில் பின்னி ஓட்டியது, அடர்ந்த சிவப்புச் சாயம், இரண்டு அடுக்காக வைத்துத் தைத்திருந்தார்கள். பின்னல் துணி என்றால் அப்படி ஒரு பின்னலை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. உறுப்பினர்கள் எல்லாரும் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

"இந்த வருசம் திரை இதுதானுங்க. நம்ம ஊரு துணி," என்றார் தலைவர். "மாஸ்டரு என்ன சொல்றீங்க?"

"துணி அருமைங்க," என்றேன். "திரைக்கு ஆகாதுங்க."

"ஏன் ஆகாது?"

"துணியப் பத்தி உங்களுக்குத் தெரியாததுங்களா? பனியன் துணி தொங்கப் போட்டா இறங்குமுங்க. காலைல கட்டினா சாயங்காலம் ஒரு முழம் கீழ வந்திருக்கும்."

"இறங்குனா மேல தூக்கிக் கட்டிக்கறது."

"கட்டக் கட்ட இறங்குமுங்க."

இதோடு நான் நிறுத்தியிருந்தால் விஷயம் துணியோடு முடிந்திருக்கும். என் வாய் நிற்கவில்லை. "விழா முடியறதுக்குள்ள திரை அவினாசி தாண்டிருமுங்க," என்று ஒரு போடு போட்டேன். மேஜையைச் சுற்றி இருந்த எல்லாரும் சிரித்தார்கள். துணியைத் தடவிப் புகழ்ந்துகொண்டிருந்தவர்கள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. துணியை மெதுவாக மடிக்க ஆரம்பித்தார். அந்த மடிப்பைப் பார்த்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

துணி ஆகாது என்று அன்றைக்குச் சொன்னது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும், தலைவருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். என்னை நீக்கியது அந்தச் சிரிப்பு. ஒரு மனிதரிடம் முடியாது என்று சொல்லப் போகிறீர்களா, தாராளமாகச் சொல்லுங்கள். நாலு பேரைச் சிரிக்க வைத்துச் சொல்லாதீர்கள்.

எங்கள் ஊரில் ஆளை நீக்கினாலும் 'ங்க' போட்டுத்தான் நீக்குவார்கள். மூன்றாம் நாள் மன்றச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், காபி குடித்தார். மழை எப்படி என்று கேட்டார், என் மாமனார் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார். என் மனைவி சரசு இரண்டாவது காபிக்குப் பால் காய்ச்ச ஆரம்பித்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"மாஸ்டரு இத்தன வருசமா அலஞ்சுட்டீங்க. இந்த வருசம் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கட்டுமேன்னு தலைவரு அபிப்பிராயப்படறாருங்க."

"அடுத்த வருசமுங்க?"

"அடுத்த வருசமும் ஓய்வுதானுங்க," என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டு, முன்வரிசை பாஸ் இரண்டை மேஜை மேல் வைத்தார்.

அவரை வாசல்வரை போய் வழியனுப்பி வைத்தேன். உள்ளே வந்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நான் உண்டாக்கிய விழா. ஊரில் மாஸ்டர் விழா என்றே பேர். என்னை நீக்க இவர்கள் யார் என்று கத்தினேன். சரசு பாலை இறக்கி வைத்துவிட்டு, "கத்தறத அவரு இருக்கறப்பவே கத்தியிருக்கலாமுங்க. காபித்தூளாச்சும் மிச்சமாயிருக்கும்," என்றாள்.

செய்தி பரவியது. அன்று சாயங்காலமே மேடை ஆட்கள் எல்லாரும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். லைட் போடுகிறவர், மேக்கப்காரர், காட்சி மாற்றுகிறவர்கள், கடைசியில் பழனிச்சாமி.

"நீங்க இல்லாட்டி நாங்களும் இல்லீங்க," என்றார் லைட்காரர். "ஒரு வார்த்த சொல்லுங்க மாஸ்டரு, பாத்துக்கறோம்."

ஒரு வார்த்தை போதும். விழா நடக்காது. நடந்தாலும் பழைய மாதிரி ஐந்து பேர் பேசிவிட்டு எழுந்து போவார்கள். ஊர் முழுக்க, மாஸ்டர் இல்லாமல் முடியவில்லை பார் என்று பேசும். பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பேச்சு என் காதில் ஏற்கெனவே இனிமையாகக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

பழனிச்சாமி மட்டும் தள்ளி நின்றான். "நீ என்னடா சொல்ற?" என்று கேட்டேன்.

"தலைவரு என்னைய நடத்தச் சொல்லி ஆள் அனுப்பியிருக்காருங்க. நான் பதில் சொல்லல." காலால் தரையைக் கிளறினான். "தங்கமணிய நெனச்சாத்தான் ஒரு மாதிரி இருக்குதுங்க."

தங்கமணி எங்கள் கம்பெனியில் கைமடி. அதாவது டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மடித்து மடித்துக் கொடுக்கிற வேலை. அதுவரை கம்பெனி நாடகங்களில் பெண் வேஷத்துக்கு வெளியூரிலிருந்து நடிகைகளைக் கூட்டிவருவார்கள், இல்லாவிட்டால் மீசையை வழித்துக்கொண்டு யாராவது நிற்பார்கள். அந்த வருஷம் முதல் முறையாக, வேலை செய்கிற பெண் ஒருத்தி நடித்திருந்தாள். நடுவர்கள் நாடகம் பார்த்துவிட்டு வாயடைத்துப் போய் வெளியே வந்ததாகக் கேள்வி. அவளுடைய அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவர். ஆவணியில் கல்யாணம், அதற்குப் பிறகு மேடைப் பேச்சே எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மடத்துக்குளத்தில் விவசாயம். ஆக ஊர் பார்க்க அவள் நடிப்பதற்கு அந்த ஒரு மாலைதான் இருந்தது.

எனக்கு இருந்த கோபத்தில் அதை மறந்தே போயிருந்தேன். விழா நின்றால் எனக்குப் பெயர் கிடைக்கும், அடுத்த வருஷம் வேறு விழா கிடைக்கும். அவளுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது.

"போய் நடத்து," என்று பழனிச்சாமியிடம் சொன்னேன். "எல்லாரும் போங்க. ஒருத்தரும் குறையக் கூடாது."

"திரைய என்னுங்க பண்றது?"

"அது இறங்கும். அடிக்கடி தூக்கிக் கட்டு. வேற வழி எனக்குத் தெரியல."

விழா நாள் வந்தது. நான் போகப் போவதில்லை என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். சரசு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நீங்க வராட்டிப் போங்க. பாஸு ரெண்டு இருக்குது, பக்கத்து ஊட்டு அக்காவக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முன்வரிசையில் நடுவில் தலைவர், பக்கத்தில் அதே கோயமுத்தூர் மில்காரர். நாங்கள் அதே வரிசையில் ஓரத்தில். திரையைப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் சிவப்பு ஜொலித்தது, அழகில் குறை சொல்ல முடியாது. அடியைப் பார்த்தேன். காலையில் கட்டியபோது தரையைத் தொட்டிருக்கும். இப்போது மேடை விளிம்பில் மடிந்து குவிந்து கிடந்தது. பழனிச்சாமி இரண்டு முறை தூக்கிக் கட்டியும் அந்த நிலைமை என்று பிறகு சொன்னான்.

இந்தத் திரை மேலே சுருங்கி ஏறும் வகை. பின்பக்கம் வரிசையாக வளையம் தைத்து, அதற்குள் கயிறு கோத்திருக்கும். இரண்டு பக்கமும் கயிற்றை இழுத்தால் துணி கொசுவம் கொசுவமாக ஏறும். சின்னப் பரிசுகளுக்கெல்லாம் எப்படியோ ஏறி இறங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஏறிவிட்டு ஒரு குதி குதித்தது, கூட்டத்தில் சிலர் கிசுகிசுத்தார்கள். பழனிச்சாமி நன்றாகத்தான் நடத்தினான். எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது.

கடைசியாக முதல் பரிசு. எங்கள் கம்பெனிக் குழு. கொட்டகை அதிர்ந்தது. மாலைகளோடு உள்ளே ஓடினார்கள். மணி அடித்தது, கயிறு இழுபட்டது. வலது பக்கம் ஏறியது. இடது பக்கம் துணி ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போனது, ஏறவில்லை. இன்னும் பலமாக இழுத்தார்கள். ஒரு வளையம் பிய்ந்தது, அடுத்தது பிய்ந்தது, பின்னல் துணியில் ஒரு கண்ணி விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், இழை மேலிருந்து கீழ்வரை ஓடியது. கயிறு மட்டும் தனியாக மேலே போய்விட்டது. பாதித் திரை ஏறி, பாதித் திரை கோணலாகத் தொங்கியது. அந்தச் சாய்வுக்கு அந்தப் பக்கம், வெள்ளைப் புடவையில் தங்கமணியின் பாதி உருவம் அசையாமல் நின்றது.

முதலில் ஒருவன் சிரித்தான். அப்புறம் விசில். அப்புறம் கொட்டகை முழுக்கச் சிரிப்பு. பனியன் ஊர்க்காரர்களுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வராமல் இருக்குமா? பின்னாலிருந்து யாரோ, "மாஸ்டரக் கூப்பிடுங்கப்பா!" என்று கத்தினார்கள். அது பிடித்துக்கொண்டது. "மாஸ்டரு! மாஸ்டரு!" என்று கைதட்டிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மேடை ஓரத்திலிருந்து பழனிச்சாமி எட்டிப் பார்த்தான். அவன் கண் நேராக என்னிடம் வந்தது. தலைவர் மட்டும் திரும்பவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது எனக்குத் தெரிந்தது.

இந்த இடத்தை நீங்கள் நன்றாக யோசித்துப் பாருங்கள். எழுந்து நடந்தால் போதும். ஊரே தோளில் தூக்கி வைத்துக்கொள்ளும். ஆனால் நான் மேடை ஏறினால் தலைவர் அந்த நாற்காலியிலிருந்து எப்படி எழுந்து வீட்டுக்குப் போவார்? பழனிச்சாமியை அடுத்த நாள் யார் மதிப்பார்கள்? எல்லாவற்றையும்விட, அந்தக் காட்சி தங்கமணியின் காட்சியாக இருக்காது, மாஸ்டர் வந்து காப்பாற்றிய காட்சியாக ஆகிவிடும். இதெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்கிறேன். அன்றைக்கு எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் நெஞ்சில் வந்து முட்டியது. உட்கார்ந்தே இருந்தாலும் சிரிப்பு நிற்காது. தங்கமணி எத்தனை நேரம் அப்படி நிற்பாள்?

எழுந்து நின்றேன். கைதட்டல் கூடியது. நான் மேடைப் பக்கம் போகாமல் தலைவர் பக்கம் திரும்பிக் கைகூப்பினேன். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"தலைவரு இங்கதான் இருக்காருங்க. துணியப் பத்தி அவருக்குத் தெரியாததுங்களா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் எங்காவது சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடினார். நான் கூப்பிய கையை இறக்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியும் என்றுதான் சொன்னேன், அதில் கேலி இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் இதே சொற்களை இதே வாய்தான் சொன்னது. அன்றைக்கு அதன் பின்னால் ஒரு நக்கல் நின்றது. இன்றைக்கு எதுவும் இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினார். கூட்டம் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அமைதியானது. வேட்டியை மடித்துக் கட்டினார். தொங்கிய துணியை அடியிலிருந்து கையால் மடித்து மடித்துச் சேர்த்தார், இழுக்கவே இல்லை. பின்னல் துணியை இழுக்கக் கூடாது, அள்ள வேண்டும் என்பது மிஷின் ஓட்டியவருக்குத் தெரியும். இரண்டு அடுக்குத் துணி, நல்ல கனம். சேர்த்ததை ஒரே தூக்கில் தோளில் ஏற்றினார், அந்தக் காலத்தில் சாயப்பட்டறைக்குப் பொதி தூக்கிய மாதிரி. அப்படியே மேடை ஓரத்துத் தூண் பக்கம் ஒதுங்கினார். பழனிச்சாமி உள்ளே கயிறு தேடி ஓடினான். தலைவர் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டால், இவன் தூணோடு சேர்த்துக் கட்டிவிடுவான். அதுதான் ஏற்பாடு.

தங்கமணி அந்த நிமிஷம்வரை காத்திருக்கவில்லை. மேடை முழுதாகத் தெரிந்தது. அவளைப் பொறுத்தவரை திரை ஏறிவிட்டது. வசனத்தை ஆரம்பித்துவிட்டாள்.

பழனிச்சாமி கயிற்றோடு ஓரத்தில் நின்றுவிட்டான். இனி உள்ளே வந்தால் காட்சி கெடும். தலைவரும் அசைய முடியாது, தோளிலிருந்து ஒரு மடிப்பு நழுவினாலும் மொத்தத் துணியும் சரிந்துவிடும். அப்படியே நின்றார்.

காட்சி என்ன தெரியுமா? சாயப்பட்டறை பாய்லர் வெடித்துச் செத்துப்போன தொழிலாளியின் மனைவி. புருஷன் படத்துக்கு மாலை போட முதலாளி வருகிறார். அவள் அவரை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கிறாள். முதலாளி வேஷம் போட்ட டிஸ்பாட்ச் கிளார்க் நடுமேடையில், நிஜ முதலாளி மேடை ஓரத்தில் துணி சுமந்துகொண்டு. சற்றுமுன் விசிலடித்த கூட்டம் இதற்குச் சிரித்திருக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பக்கத்தில் சரசு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் காட்சி அது. தலைவர் என்று ஒருவர் அங்கே நிற்பதே கூட்டத்துக்கு மறந்துபோயிற்று.

கடைசி வசனம் முடிந்தது. திரை விழ வேண்டும். தலைவர் தோளைச் சாய்த்துத் துணியை விட்டார். ஒரு மடிப்பு, அடுத்த மடிப்பு என்று நிதானமாக இறங்கியது. மறுபக்கம் பழனிச்சாமி கயிற்றை அவர் வேகத்துக்கே விட்டான். திரை தரையைத் தொட்ட பிறகுதான் கொட்டகை கைதட்டியது. அந்த மாதிரிக் கைதட்டல் என் விழா எதிலும் நான் கேட்டதில்லை. கோயமுத்தூர் மில்காரர் எழுந்து நின்றே தட்டினார்.

மறுநாள் கம்பெனியில் தங்கமணி என் மேஜைக்கு வந்தாள். "மாஸ்டருங்க, நான் நடிச்சது நல்லா இருந்துச்சுங்களா?"

"பிரமாதம் கண்ணு," என்றேன்.

முகம் மலர்ந்து போனாள். ஆவணியில் கல்யாணம் முடிந்து மடத்துக்குளம் போய்விட்டாள். அப்பா வைத்த நிபந்தனை நிபந்தனையாகவே நின்றது. அதற்குப் பிறகு அவள் மேடை ஏறவில்லை.

என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. இப்படி ஒரு கதையில் கடைசியில் கூப்பிடுவார்கள் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். ஓய்வு என்றால் ஓய்வுதான். அதற்குள் வெளியூர்க்காரர்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள், நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு முழு நேரமாக இந்தத் தொழிலுக்கு வந்தேன். அதனால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. மன்றத்து விழாவைப் பழனிச்சாமியே தொடர்ந்து நடத்தினான், என்னைவிட நன்றாகவே. அடுத்த வருஷத் திரையை அவன் சாமளாபுரம் விசைத்தறியில் கெட்டியாக நெய்து வாங்கினான். "இதுவும் நம்ம பக்கத்துத் துணிதானுங்க," என்று தலைவரிடம் ஒரே வரியில் சொல்லி முடித்திருக்கிறான். சாமளாபுரம் எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதித்துப் போகிற தூரம். அத்தனை வாய் பேசிய எனக்கு அந்தக் கூட்டத்தில் அந்தப் பெயர் தோன்றவில்லை. வேண்டாம் என்று சொல்லப் போகும்போது, பதிலுக்கு வேறு எது என்பதையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இது பழனிச்சாமியிடம் நான் கற்றது.

அந்த அடுத்த வருஷ விழாவுக்கும் முன்வரிசை பாஸ் வந்தது. போனேன். தலைவர் தன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார், உட்கார்ந்தேன். மணி அடித்தது. சாமளாபுரத்துத் திரை ஜம்மென்று ஏறியது. நாங்கள் இரண்டு பேரும் மேடையைப் பார்க்கவில்லை, திரையின் அடி விளிம்பைத்தான் பார்த்தோம். அது முழுதாக மேலே போய் நின்றதும் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

தலைவர் என் பக்கம் சாய்ந்தார். "ஏனுங்க மாஸ்டரு, போன வருசம் அந்தப் புள்ள எப்படிங்க நடிச்சுது?"

"நீங்க பக்கத்துலயே நின்னீங்களேங்க?"

"துணி மூஞ்சிய மறைச்சிருச்சுங்க. ஒண்ணும் தெரியல. காதுலயும் பாதிதான் உழுந்துச்சு. பாத்தவங்க எல்லாரும் இன்னிக்கு வரைக்கும் சொல்றாங்க, இனி அந்த மாதிரிப் பாக்க முடியாதுன்னு. நீங்க எதுத்தாப்புலதான இருந்தீங்க. சொல்லுங்க, எப்படி நடிச்சுது?"

சொல்ல வாயைத் திறந்தேன். வெள்ளைப் புடவை ஞாபகம் இருந்தது. அதற்கு மேல் எதுவும் இல்லை. அந்தக் கால் மணி நேரமும் என் கண் எங்கே இருந்தது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"நானும் பாக்கலீங்க," என்றேன். "எப்ப நழுவுமோன்னு உங்க தோளையேதான் பாத்துட்டு இருந்தனுங்க."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கொட்டகையே பார்த்த அந்தக் காட்சியை, ஒரு திரைக்காக மல்லுக்கு நின்ற நாங்கள் இரண்டு பேர் மட்டும் பார்க்காமல் விட்டிருந்தோம். மேடையில் யாரோ ஒரு சின்னப் பெண் பேச ஆரம்பித்தாள். பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் நிமிர்ந்து அவளைப் பார்த்தோம்.